டிக் விழாத பெயர்

ஜூன் 2, திங்கள்

இன்று எதையும் பார்த்து எழுதவில்லை. என் மனதிலிருந்தே எழுதுகிறேன்.

என் பெயர் சோலையப்பன். வயது அறுபத்தொன்பது. அருப்புக்கோட்டை நகராட்சியில் முப்பத்தோரு வருடம் தெருத் தெருவாகக் குடிநீர் வால்வு திறந்துவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாமலே அந்த வேலையைப் பார்த்து முடித்தேன். ஏழு மாதமாகச் சாயங்காலம் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். தினமும் நாலு வரியாவது சொந்தமாக எழுத வேண்டும் என்று தெரசம்மா டீச்சர் சொல்லியிருக்கிறார். நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆகட்டும், எனக்கு வேறு அவசரம் இல்லை.

காலையில் பால் கவரைப் படித்தேன். தீப்பெட்டியைப் படித்தேன். மருமகள் ஜோதியின் தலைவலி மாத்திரை அட்டையில் எழுத்து மிகவும் பொடி, அதை விட்டுவிட்டேன்.

சீனியம்மாள் படத்துக்குப் பூ மாற்றினேன். படத்துக்குக் கீழே அவள் பெயரும் இரண்டு தேதியும் போட்டிருக்கிறார்கள். பெயரைப் படித்தேன். தேதிகளைப் படிக்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

கை வலி. கீரை ஆய்ந்தேன். இவ்வளவுதான்.

ஜூன் 4, புதன்

இன்று என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. வழக்கமாக வருவதெல்லாம் இங்கிலீஷில் இருக்கும். இது தமிழ். மதுரையில் சீனியம்மாளுக்குச் சர்க்கரை வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு இருபது நிமிடத்தில் படித்து முடித்தேன். யாருடைய உதவியும் இல்லாமல் நான் முழுதாகப் படித்த முதல் கடிதம் இது.

"மதிப்பிற்குரிய சீனியம்மாள் அவர்களே, தங்கள் வருடாந்திரப் பரிசோதனை நெருங்குகிறது. வருவதாக இருந்தால் 1 என்றும், வர இயலாவிட்டால் 2 என்றும் பதில் அனுப்பவும்."

அவளை இதுவரை யாரும் 'அவர்களே' என்று கூப்பிட்டதில்லை. கேட்டிருந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருப்பாள்.

வருடா வருடம் நான்தான் அவளைக் கூட்டிப் போவேன். வெறும் வயிற்றில் ஊசி போட்டு ரத்தம் எடுத்த பிறகு, ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு இட்லியும் காபியும் வாங்கிக் கொடுப்பேன். காபியில் சீனி போடக் கூடாது. அவள் கடைக்காரரிடம் கண்ணைக் காட்டுவாள், அவரும் அரைக் கரண்டி போட்டுவிடுவார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

கேட்டவர்களுக்குப் பதில் சொல்வது மரியாதை. அனுப்ப வேண்டியதும் ஒரே ஓர் எழுத்துதான். அனுப்பினேன்.

ஜூன் 5, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது.

"மதிப்பிற்குரிய சீனியம்மாள் அவர்களே, தங்கள் வருகையை உறுதி செய்ததற்கு நன்றி. செவ்வாய் காலை தங்களை எதிர்பார்க்கிறோம்."

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்தது. அதுவும் அதேதான். பிறகு இன்னொன்று. நிமிடத்துக்கு ஒன்று. முதலில் பயந்துபோனேன், போனை உடைத்துவிட்டேனோ என்று. பிறகு பயம் போய்விட்டது. ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன். முதல் செய்திக்குப் பத்து நிமிடம் ஆனது. மதியத்துக்குள் 'தங்களை எதிர்பார்க்கிறோம்' என்பதை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். சத்தம் கேட்டால் ஜோதிக்குத் தொந்தரவு என்று போனை ஊமையாக்கினேன்.

ஆறு மணிக்கு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கும் வேலை நேரம் உண்டு போலிருக்கிறது.

வகுப்பில் டீச்சர் என்னை வாசிக்கச் சொன்னார். திக்காமல் ஒரு பத்தி வாசித்தேன். பக்கத்தில் உட்காரும் முத்துராக்கு, "என்ன சோலையண்ணே, ராத்திரியோட ராத்திரியா யாரையும் வச்சு ட்யூஷன் படிக்கிறீகளா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். முத்துராக்குக்கும் அதே மதுரை ஆஸ்பத்திரிதான். அவள் மாதா மாதம் போகிறவள்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் செய்தி மறுபடி ஆரம்பித்தது. நானும் ஆரம்பித்தேன்.

ஜோதியைப் பற்றி இங்கே எழுத வேண்டும். என் மகன் ரத்தினவேல் ஓமானில் இருக்கிறான். ஜோதி நடு அறையில் கம்ப்யூட்டர் வைத்து வேலை பார்க்கிறாள். அவளுடைய கம்பெனி பல இடங்களின் பெயர்ப் பட்டியல்களைப் பராமரிக்கிறது. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. வருகிற பதின்மூன்றாம் தேதி அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று சொல்வார்கள். இந்த வேலை நிரந்தரமானால் ரத்தினவேல் ஊரோடு வந்துவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். கல்யாணம் ஆகி மூன்று வருடத்தில் அவர்கள் சேர்ந்து இருந்தது எழுபத்தெட்டு நாள். ஜோதி காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். இப்போதுதான் அதெல்லாம் எனக்குப் படிக்க வருகிறது.

இன்று அவள் சாப்பிட வரவில்லை. தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்ன தாயி, மூஞ்சி வாடிக்கெடக்கு?"

"ஒரு லூப்பு மாட்டிக்கிருச்சு மாமா. நிக்கவே மாட்டேங்குது."

லூப்பு என்றால் என்ன என்று கேட்டேன். அவளுக்கும் யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருந்திருக்கும்.

"ஒரு ஆஸ்பத்திரி லிஸ்ட்டு மாமா. அதுல டிக் இல்லாத மொத ஆள எடுக்கணும், மெசேஜ் அனுப்பணும், டிக் போடணும். மறுபடி டிக் இல்லாத மொத ஆள எடுக்கணும். இப்படியே சுத்திச் சுத்தி வரணும். டிக் இல்லாத ஆளே இல்லன்னா வெளிய வந்துரணும். இதான் வேல."

"சரி."

"ஒரு ஆளுக்கு டிக் விழ மாட்டேங்குதுன்னு வைங்க. என்ன ஆகும்?"

கொஞ்சம் யோசித்தேன். "திரும்பவும் அதே ஆள்தான் வரும்."

"அதே தான். நேத்துலருந்து ஒரே ஆளுக்குப் போய்க்கிட்டு இருக்கு. அதுக்குப் பின்னாடி வரிசைல நிக்கிற முன்னூறு பேருக்கு ஒண்ணுகூடப் போகல."

"டிக் ஏன் விழல?"

"அந்த ஃபைலப் பூட்டி வச்சிருக்காங்க. பூட்டுனதுல எழுத முடியாது. முடியலன்னா வாயத் தொறந்து சொல்லணும்ல? முன்னாடி எழுதுன புண்ணியவான், தப்பு வந்தா முழுங்கிட்டு அடுத்த சுத்துக்குப் போன்னு எழுதி வச்சிட்டுப் போயிருக்கார். அது பாட்டுக்கு முழுங்கிக்கிட்டே இருக்கு."

"யாரு அந்த ஆளு?" என்று கேட்டேன்.

"பேரெல்லாம் எங்களுக்குக் காட்டாது மாமா. நம்பர் மட்டும்தான்."

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தேன். ஆஸ்பத்திரிகள் எத்தனையோ இருக்கின்றன.

ஜூன் 7, சனி

ஜோதி போனில் மேலதிகாரியிடம் பேசினாள். "கில் பண்ணிட்டேன் சார்" என்றாள். கொன்றுவிட்டேன் என்று அதற்கு அர்த்தமாம். என் கையில் போன் இருந்தது. அடுத்த நிமிடம் எதுவும் வரவில்லை. அதற்கடுத்த நிமிடமும் வரவில்லை.

பதினொன்றரை மணிக்கு ஒரு பெரிய சிக்கல். ஓடிக்கொண்டிருந்ததை அவள் நடுவில் நிறுத்தியதும், அது வரிசையில் முதலில் நின்றவர்களுக்குப் போட்டிருந்த டிக் எல்லாம் அழிந்துவிட்டது. மொத்தத்தையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தார்களாம். நடுவில் வெட்டினால் கட்டு முழுவதும் அவிழ்ந்துவிடுமாம். அது தெரியாமல் மறுபடி ஓடவிட்டதில், ஏற்கெனவே செய்தி போன இருநூறு பேருக்கு இரண்டாம் முறையும் போய்விட்டது. கடைசியில் எனக்கும் பன்னிரண்டு வந்தன. பிறகு அவள் முழுவதுமாக நிறுத்திவிட்டாள்.

மேலதிகாரி சத்தம் போட்டது அறைக்கு வெளியே கேட்டது. ஜோதி, "ஆமா சார், என் தப்புதான் சார்" என்று நாலு தடவை சொன்னாள்.

அவளுக்குப் பிடிக்குமே என்று வெந்தயக் குழம்பு வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று ஒன்றும் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

பழைய செய்திகளையே திரும்பப் படித்தேன். எல்லாம் ஒன்றுதான், அது எனக்குத் தெரியும். ஆனால் நேரம் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. 2.14-க்கு அவளை எதிர்பார்த்திருக்கிறார்கள். 2.15-க்கும் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

செய்தி அனுப்பும் கம்ப்யூட்டர் கட்டளைகளை, ஸ்கிரிப்ட் என்கிறாள், ஜோதி திருத்தி எழுதிவிட்டாள். மேலதிகாரிக்கு விளக்கிச் சொல்வதைக் கதவோரம் இருந்து கேட்டேன். "மூணு தடவ டிக் விழலன்னா மெசேஜ் அனுப்பாமலே அந்த ஆளத் தனி லிஸ்ட்ல போட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும் சார். மொத்தச் சுத்துக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கு. ஒவ்வொரு சுத்துலயும், நில்லுன்னு நாம எழுதி வச்சிருக்கமான்னு பாத்துக்கும். எழுதியிருந்தா கையில இருக்குற ஆள முடிச்சிட்டுத்தான் நிக்கும். கட்டையும் அம்பது அம்பதாப் பிரிச்சிட்டேன், இனிமே செஞ்ச வேல அழியாது."

எனக்குப் பாதிக்கு மேல் புரிந்தது. வால்வு வேலையும் அப்படித்தான். ஒரு தெருவில் வால்வு திரும்பவில்லை என்றால் அங்கேயே நின்று முறுக்கிக்கொண்டிருக்கக் கூடாது. முறுக்கினால் மற்றத் தெருக்கள் காய்ந்துபோகும். சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டும். ஆனால் சாயங்காலம் அலுவலகத்தில் கோடு போட்ட இடத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்பத்திரிக்காரர்களும் அதையே சொல்லிவிட்டார்களாம். தனிப் பட்டியலில் விழும் ஆள் ஏன் விழுந்தார் என்று காரணம் தெரியாமல் புது ஸ்கிரிப்டை ஓடவிட மாட்டார்களாம். உயிரோடு இருக்கிற ஒரு நோயாளியை அப்படித் தாண்டிப் போய்விட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார்களாம். அது நியாயம்தான்.

"வரேன்னு பதில் வந்திருக்கு மாமா. ஆனா ஃபைல் பூட்டியிருக்கு, இறந்தவங்க ஃபைலத்தான் அப்படிப் பூட்டுவாங்க. ரெண்டும் எப்படி ஒத்து வரும்? நான் டெஸ்ட் பண்ணுறப்ப தப்பா ஒரு பதில உள்ள விட்டுட்டேன்னு நெனைக்கிறாங்க. பதில் நம்பர் முழுசாத் தெரியல. கடைசி மூணு மட்டும் காட்டுது, 408. ஆஸ்பத்திரி லைன் வழியாக் கூப்பிட்டுப் பாக்கப் போறேன்."

என் நம்பர் எனக்கு மனப்பாடம். இப்போது எழுதவும் தெரியும்.

நான் என் அறைக்கு வந்தேன். போன் தலையணைக்கு அடியில் நடுங்கிற்று. சத்தமில்லாத நடுக்கம். தலையணை மேல் உட்கார்ந்துகொண்டேன். நின்றது. மறுபடி நடுங்கிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஜோதி, "எடுங்க, எடுங்க, யாராச்சும் எடுங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் எடுக்கவில்லை. எடுத்தால் அவர்கள் இனி எதிர்பார்க்க மாட்டார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் வெறும் வயிற்றோடு இருந்தேன். காரணம் எழுதவில்லை.

ஜோதி இன்றும் அந்த எண்ணைக் கூப்பிட்டாள், ஏழு தடவை.

சாயங்காலம் வகுப்புக்கு முத்துராக்கு நேரம் கழித்து வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மதுரைக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்திருக்கிறாள்.

"செய்தி வரலையேன்னு பாத்தேன். சரி, எப்பவும் போறதுதானேன்னு போயிட்டேன். வாசல்லயே நிறுத்திப்புட்டான். போன்ல மெசேஜக் காட்டு, காட்டுனாத்தான் டோக்கன்னுட்டான். வரலய்யான்னா, வரும், வந்தப்பெறகு வாங்கன்னான். ஊசி மருந்து நேத்தோட தீந்துபோச்சு."

"கெஞ்சிப் பார்த்திருக்கலாம்ல?" என்று டீச்சர் கேட்டார்.

"கெஞ்சாமயா டீச்சர்? என்னய மாதிரி முப்பது பேர் வாசல்ல நின்னு கெஞ்சுனோம். ஒரு ஆளு எடுக்காத போனுக்கு நாங்க என்ன செய்ய முடியும்னு உள்ள பேசிக்கிறாங்க. எந்தப் படுபாவியோ தெரியல. நல்லா இருக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க படிங்கண்ணே. நீங்க படிச்சா ரேடியோ கேட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்கு வாசிக்க வரவில்லை. கண்ணாடி மங்கலாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஜூன் 11, புதன்

காலையில் ஜோதி குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்தேன். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் என் போனைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"தாயி, நீ தேடுற 408 இதுதான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. போனை எடுத்தாள். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். அது போய்க்கொண்டே இருந்தது, முடியவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்து நின்றேன்.

"நான் கூப்பிட்டப்ப நீங்க எங்க மாமா இருந்தீங்க?"

"பக்கத்து ரூம்புல."

"தவறுன கால் இருக்கு, ஒம்பது. ரெண்டு நாளா நான் கத்திக்கிட்டு இருக்கேன். என் வேல போகப் போகுதுன்னு அவருக்குப் போன் போட்டு அழுதேன். அதுவும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவ ஒரே ஒரு டம்ளர்தான் கிடந்தது. அதை ரொம்ப நேரம் கழுவினாள்.

திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடியும் போனை எடுத்தாள். இந்தத் தடவை மெதுவாகத் தள்ளினாள்.

"ஆயிரத்துக்கு மேல இருக்கும் போல. எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"அறுநூறு வரைக்கும் படிச்சேன் தாயி. அதுக்குள்ள நிறுத்திப்புட்ட."

அவள் சிரித்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது சிரிப்பு இல்லை.

"அத்தை பேருக்கு நேரா 'அவர்களே'ன்னு போட்டிருக்கு" என்றாள்.

"ஆமா. நல்லாருக்குல்ல?"

"ஏன் மாமா ஒண்ணு அனுப்புனீங்க?"

இதை அவள் கேட்பாள் என்று ராத்திரியெல்லாம் பதில் யோசித்து வைத்திருந்தேன். எழுத்துத் தெரியாமல் மாற்றி அழுத்திவிட்டேன் என்று சொல்வதாக இருந்தேன். அப்படிச் சொன்னால் ஏழு மாதம் வகுப்புக்குப் போனதெல்லாம் பொய்யாகிவிடும்.

"வாரீகளான்னு கேட்டிருந்தாக. அவ வர மாட்டான்னு என் கையால எப்படித் தாயி போடுறது?"

மேலதிகாரியை அவள் கூப்பிட்டாள். எங்கள் வீட்டு நம்பர்தான் சார், இறந்துபோனது என் மாமியார் சார் என்று சொன்னாள். பிறகு அவர் சொன்னதை எனக்குச் சொன்னாள். வீட்டு ஆள் என்பதால் ஜோதி எதையும் தன் கையால் மாற்றக் கூடாது. பதில் அனுப்பிய போனிலிருந்தே திருத்தி அனுப்ப வேண்டும். பதில் வாங்குகிற ப்ரோகிராம் வேறு, அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2 என்று அனுப்பினால் காரணம் கேட்கும். காரணத்தையும் எழுதி அனுப்ப வேண்டும்.

"நான் எழுதித் தரவா மாமா? நீங்க அனுப்பிவிடுங்க."

"வேணாம். எழுதத்தான் தெரியுமே."

ஜூன் 12, வியாழன்

காலை ஏழு மணிக்கு 2 என்று அனுப்பினேன். உடனே கேட்டது: "வர இயலாததன் காரணத்தைச் சுருக்கமாக எழுதவும்."

முதலில், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று எழுதினேன். அழித்தேன். உடம்புக்கு முடியவில்லை என்று எழுதினேன். அதையும் அழித்தேன். இந்த நோட்டில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் இதுவரை நானாக எழுதியதில்லை.

ஜோதி இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். அவசரப்படுத்தவில்லை. காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். முன்னூறு பேர் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். முத்துராக்கு வீங்கிய காலோடு நிற்கிறாள். ரத்தினவேல் ஓமானில் பெட்டியோடு நிற்கிறான்.

பத்தே முக்காலுக்கு முடித்தேன். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"சீனியம்மாள் இறந்துவிட்டாள். வருவதாகச் சொன்னது அவள் இல்லை. நான். கணவன் சோலையப்பன்."

அனுப்பும் முன் ஜோதியிடம் காட்டினேன். தப்பு இருக்கிறதா என்று கேட்டேன். அவள் படித்தாள்.

"தப்பு ஒண்ணும் இல்ல மாமா" என்றாள்.

அனுப்பினேன்.

ஜூன் 13, வெள்ளி

காலை ஒன்பதுக்குப் புது ஸ்கிரிப்டை ஓடவிட்டார்கள். ஜோதி என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். திரையில் எண்கள் கீழே இறங்கிக்கொண்டே போயின. அவை ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஓர் ஆள் என்றாள். நடுவில் ஒரு வரி மூன்று தடவை மினுக்கிற்று. பிறகு வலது பக்கம் தனியாகப் போய் நின்றது. மற்ற வரிகள் அதைக் கடந்து இறங்கின. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்து அதுவாகவே நின்றது. யாரும் கொல்லவில்லை.

"வெளிய வந்திருச்சு" என்றாள் ஜோதி. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளை நிரந்தரமாக்குவதா என்பதைத் திங்கட்கிழமை சொல்கிறோம் என்றார்களாம். மேலதிகாரி அதைச் சொன்ன குரலில் கோபம் இல்லையாம். ரத்தினவேலுக்கு அவள் போன் போட்டாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

மதியம் முத்துராக்கு வாசலில் வந்து நின்றாள். தனக்குச் செய்தி வந்துவிட்டதாம். அவளுக்கே படிக்கத் தெரியும், ஆனாலும் நான் வாசித்துக் கேட்க வேண்டுமாம். 'மதிப்பிற்குரிய முத்துராக்கு அவர்களே' என்று வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு எடுக்காத அந்தப் போன் என்னுடையது என்று சொன்னேன். போனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நாலு வார்த்த வஞ்சிருப்பேன்" என்றாள். "இப்ப வெயிலா இருக்கு. மோர் இருந்தா குடுங்க."

கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்கு என் போனுக்கும் ஒன்று வந்தது. ஊமையாக்கியதை எடுத்துவிட்டிருந்ததால் சத்தம் கேட்டது.

"தங்கள் தகவல் கிடைத்தது. வருந்துகிறோம். இனி இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பப்பட மாட்டாது."

அரை நிமிடம்கூட ஆகவில்லை, படித்துவிட்டேன். அதில் அவள் பெயர் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். இல்லை.

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 3.01 ஆயிற்று. 3.02 ஆயிற்று. கொடியில் துணி காய்ந்துவிட்டது, எடுக்க வேண்டும் என்று ஜோதி உள்ளே இருந்து சொன்னாள். வருகிறேன் என்றேன். 3.03 ஆகும்வரை இருந்துவிட்டுப் போனேன்.